பேஸ் கிற்றாரின் முறுக்காணிகள்: ஒரு வரலாற்று நோக்கு

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கருவியை ஆக்கியவன் பெயரிலே தொடங்கி அதனை இசைத்தவன் புகழிலே முடித்துவிடுகின்றனர். கருவியின் உறுப்புகளைச் செய்தவர் யாவர், அவை எங்கிருந்து பெறப்பட்டன, எப்பொழுது எக்காரணத்தால் மாற்றப்பட்டன என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. எழுப்பப்பட்டாலும் அவை பழம்பொருள் சேகரிப்போரின் பொழுதுபோக்கு என ஒதுக்கப்படுகின்றன. மின்னிசைப் பேஸ் கிற்றாரின் வரலாற்றில் இக்குறை தெளிவாகத் தெரிகிறது. 1951 ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பெண்டர் நிறுவனத்தின் ‘பிறிசிஷன் பேஸ்’ பற்றியும், அதனைக் கையிலேந்திய கலைஞர் பற்றியும் எத்தனையோ நூல்கள் வெளிவந்துள்ளன. அதன் தலையிலே பொருத்தப்பட்டிருந்த நான்கு முறுக்காணிகள் பற்றியோ ஓரிரு வரிகளே எஞ்சுகின்றன.

இக்கட்டுரை அந்நான்கு ஆணிகளையே பொருளாகக் கொள்கிறது. ஒரு தனிமனிதரின் கண்டுபிடிப்பு எனப் போற்றப்படும் கருவி, உண்மையில் பல பழைய தொழில்களிடம் கடன்பட்டுப் பிறந்தது என்பதற்கு இவ்வாணிகளே தக்க சான்று என்பது எனது கருத்து. அச்சான்று இன்று ஒருபுறம் சீர்திருத்தத்தாலும் மறுபுறம் போலிகளாலும் அழிந்துகொண்டிருக்கிறது. ஆதலால் இது சேகரிப்போரின் கவலை மாத்திரமன்று. வரலாறு பயில்வோரின் கவலையுமாகும்.

சொல் விளக்கமொன்று முதற்கண் வேண்டும். நரம்பை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ஆணியைத் தமிழில் முறுக்காணி என்பர். வீணை வாசிப்போர் பிரடை என வழங்குவர். பிரடை துளையிலே இறுகச் செருகப்பட்ட மரத்துண்டு. உராய்வு ஒன்றே அதனை நிறுத்தி வைக்கிறது. பழைய யாழிலே நரம்பைக் கோட்டோடு பிணித்து நின்றது திவவு எனப்பட்ட வார்க்கட்டு. விபுலாநந்த அடிகள் தமது ‘யாழ் நூ’லிலே (1947) ஓர் இயலுக்கே ‘யாழுறுப்பியல்’ எனப் பெயரிட்டமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. கருவியின் உறுப்புகளை ஆராயாது அதன் இசையை ஆராய இயலாது என்பதை எமது பல்கலைக்கழகத் தமிழ்த்துறையின் முதற் பேராசிரியர் அன்றே உணர்ந்திருந்தார். அவர் யாழுக்குச் செய்ததில் ஒரு துளியை நேற்றுத் தோன்றிய கருவியொன்றுக்குச் செய்ய முயல்வது மிகையாகாது எனக் கருதுகிறேன். இக்கட்டுரையில் முறுக்காணி என்ற சொல், பற்சில்லுப் பொறி பொருத்திய உலோக ஆணியையே குறிக்கும்.

பற்சில்லுப் பொறி இசைக்கருவியிலே புகுந்த கதை பேஸ் கிற்றாருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முற்பட்டது. ஐரோப்பிய இசைக்குழுக்களிலே மிகத் தாழ்ந்த சுரங்களை இசைக்கும் டபிள் பேஸ், ஆளுயரத்துக்கு மேலான கருவி. அதன் நரம்புகள் தடித்தவை; அவற்றின் இழுவை பெரிது. மரப்பிரடையின் உராய்வு அவ்விழுவையின் முன் நில்லாது. நரம்பு இறுக்கப்பட்ட கணத்திலேயே பிரடை வழுக்கும். 1778 ஆம் ஆண்டளவில் பேர்லின் நகரத்துக் கருவி வினைஞரான பாக்மன் என்பவர் டபிள் பேசுக்குப் பற்சில்லுப் பொறியை அமைத்தார் என வரலாற்றாசிரியர் கூறுவர். இதன் தத்துவம் எளிது. நரம்பு சுற்றப்படும் தண்டின் அடியிலே ஒரு பற்சில்லு உண்டு. அதன் பற்களிலே, திருகுபோலப் புரி வெட்டப்பட்ட சிறு தண்டொன்று பதிந்து நிற்கும். விரல்கள் பற்றும் பிடி அப்புரித்தண்டின் நுனியில் இருக்கும். பிடியைத் திருப்பினால் புரி சில்லைத் திருப்பும். ஆனால் நரம்பு எவ்வளவு இழுத்தாலும் சில்லு புரியைத் திருப்ப மாட்டாது. ஒரு திசையில் மட்டும் திறக்கும் கதவு போன்றது இது. தடித்த நரம்பைத் தலையிலே தாங்கிய எல்லாக் கருவிகளும் பின்னர் இக்கதவின் வழியாகவே வந்தன.

கிற்றாருக்கு இப்பொறி வந்ததும் அதே ஐரோப்பாவிலேதான். 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வியன்னா நகரத்து ஸ்ராவ்பர் என்னும் வினைஞர் ஆறு ஆணிகளையும் தலையின் ஒரே பக்கத்தில் வரிசையாக அமைத்துக் கிற்றார்கள் செய்தார். ஜேர்மனியரான மார்ட்டின் 1833 இல் நியூயோர்க் வந்து கிற்றார்த் தொழிலைத் தொடங்கியபோது, அவ்வமைப்பும் அவரோடு கடல் கடந்தது. ஒருபக்க வரிசை அமெரிக்க மண்ணிலே பின்னர் வழக்கொழிந்து, ஒரு நூற்றாண்டின் பின் மீண்டும் தலையெடுத்தது. ‘பெண்டரின் புதுமை’ என இன்று பலர் எண்ணும் அம்சங்களுள் ஒன்றின் தோற்றுவாய் வியன்னாவில் உள்ளது என்பதைச் சுட்டவே இதனைக் கூறினேன்.

பெண்டருக்கு முன்னும் மின்னிசைப் பேஸ்கள் இருந்தன. 1930களின் நடுப்பகுதியில் சியாற்றில் நகரத்துப் போல் டட்மார்க் என்பவர், கிடையாகப் பிடித்து வாசிக்கக்கூடியதும் சுரத்தட்டுகள் கொண்டதுமான சிறு பேஸ் ஒன்றைச் செய்து விற்றார். அது பரவவில்லை, இன்று எஞ்சியுள்ளவை மிகச் சில. எனவே தொடர்ச்சியான வரலாறு கலிபோர்ணியாவின் புல்லர்டன் என்னும் சிற்றூரில் 1951 ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குகிறது.

லியோ பெண்டர் (1909–1991) இசைக்கலைஞரல்லர். வானொலிப் பெட்டி திருத்துவது அவரது தொழில். கிற்றார் வாசிக்கவும் அவர் அறியார். ஆனால் எந்த உறுப்பைத் தாமே செய்யவேண்டும், எதனை வெளியிலிருந்து வாங்கவேண்டும் என்பதில் அவருக்குத் தெளிவிருந்தது. மரத்தை அவரது தொழிலாளர் வெட்டினர். காந்தச் சுருள்களை அவர்களே சுற்றினர். ஒலியளவைக் கட்டுப்படுத்தும் மின்னுறுப்புகள் வானொலித் தொழிலுக்கென வேறு நிறுவனங்கள் செய்தவை. முறுக்காணிகள் சிக்காகோ நகரத்திலிருந்து வந்தன. அவற்றைச் செய்தது, ஜோன் குளூசன் என்பவர் 1925 இல் நிறுவிய குளூசன் நிறுவனம்.

அவ்வாணியின் தோற்றத்தைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். அடியிலே நிக்கல் பூசிய உலோகத் தகடு. அதனைத் தலையின் பின்புறத்தில் பிணைக்க மூலைக்கொன்றாக நான்கு திருகாணிகள். பற்சில்லு மூடியின்றி வெளியே தெரியும்; மணிக்கூட்டின் உள்ளுறுப்பைப் பின்புறமாகத் திறந்து பார்ப்பது போலிருக்கும். பிடி மூவிலை வடிவில், பெருவிரல் அகலத்திலும் பெரிதாக விரிந்திருக்கும். நரம்பைச் சுற்றும் தண்டு தடித்தது. அதன் உச்சியில் ஒரு பிளவும் அப்பிளவின் நடுவில் ஒரு துளையும் உண்டு. நரம்பின் வெட்டிய நுனியைத் துளையிலே செருகி, பிளவு வழியாக மடித்துச் சுற்றினால் கூரிய முனை கையிற் குத்தாது. பிடியை ஏறத்தாழ இருபது முறை திருப்பினால் தண்டு ஒரு முறை சுழலும். அதாவது பிடியின் ஒரு முழுச்சுற்றுக்குத் தண்டு நகர்வது 18 பாகை மட்டுமே. பேஸ் கிற்றாரின் தடித்த நரம்பு செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது; ஒவ்வொரு நரம்பும் தாங்கும் இழுவை ஏறத்தாழ 40 இறாத்தல். இத்தகைய நரம்பை விரல்நுனியால் நுண்ணிதாகச் சுருதி சேர்க்க இவ்விகிதமே வழிசெய்தது.

இம்மூவிலைப் பிடியைப் பார்த்த எவருக்கும் டபிள் பேசின் தலை நினைவுக்கு வரும். கிற்றாரின் உடலும் டபிள் பேசின் தலையுமாகப் புதிய கருவி பிறந்தது எனலாம். நரம்பின் எண்ணிக்கையும் சுருதியும் டபிள் பேசினுடையவை என்பதை எல்லோரும் கூறுவர். ஆணியும் அவ்வழி வந்ததே என்பதைக் கூறுவோர் குறைவு. டபிள் பேஸ் வாசிப்போர் பலர் இப்புதிய கருவியை ஏளனம் செய்தனர். லயனல் ஹாம்ப்ரன் இசைக்குழுவில் மங் மொன்கொமெரி போன்றோர் அதனை மேடையேற்றியபோது, இது கிற்றாரா பேசா என்ற ஐயம் எழுந்தது. தலையின் பின்புறத்தை நோக்கியிருப்பின் ஐயத்திற்குப் பாதி விடை கிடைத்திருக்கும்.

இவ்வாணிகள் நான்கும் தலையின் மேற்பக்கத்தில் ஒரே வரிசையில் நிற்பதால் நரம்பு வளையாமல் நேராகச் சென்று தண்டைச் சேர்கிறது. இதில் ஒரு தீங்கும் உண்டு. பிறிசிஷன் பேசின் நரம்பு நீளம் 34 அங்குலம். அவ்வளவு நீண்ட கழுத்தின் நுனியிலே நான்கு பாரமான பொறிகளைத் தொங்கவிட்டால் கருவி தலைகுப்புறச் சாயும். அக்கருவியின் உடலிலே மேற்கொம்பு கழுத்தை நோக்கி நீண்டிருப்பது இதனால்தான். தோள்வாரைப் பூட்டும் இடம் முன்தள்ளப்பட்டுச் சமநிலை பேணப்படுகிறது. பின்னாளில் மின்னிசைக் கிற்றார்களின் அழகுக்குறியாகவே ஆகிவிட்ட அக்கொம்பு, முறுக்காணியின் பாரத்துக்கு மரம் கூறிய மறுமொழி என நான் எண்ணுவதுண்டு. கழுத்தின் நீளத்துக்கும் அதில் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

1950களிலும் 1960களின் முற்பாதியிலும் வந்த பெண்டர் பேஸ்களிலே இன்னொரு விசித்திரத்தைக் காணலாம். அவற்றின் ஆணிகள் ‘தலைகீழா’னவை. பின்னாளில் வழக்கமாகிவிட்ட ஆணிகளிலே பிடியை எத்திசையில் திருப்பினால் நரம்பு இறுகுமோ, அத்திசையில் திருப்பினால் இவற்றில் நரம்பு தளரும். பிடியின் திசை, புரி வலமாக வெட்டப்பட்டதா இடமாக வெட்டப்பட்டதா என்பதையும், புரித்தண்டு சில்லின் எப்பக்கத்தில் நிற்கிறது என்பதையும் பொறுத்தது. இசைக்கு இதனால் நன்மையுமில்லை, தீமையுமில்லை. ஆனால் வாசிப்பவனின் கைக்கு அது ஒரு பழக்கம். இவ்விசித்திரத்துக்கு மீண்டும் வருவோம்.

பெண்டரின் முயற்சி வெற்றி தருவதைக் கண்ட மிச்சிகன் மாநிலக் கிப்சன் நிறுவனம் 1953 இல் தனது முதல் மின்னிசைப் பேஸை வெளியிட்டது. அது வயலின் வடிவினது; நரம்பு நீளம் 30½ அங்குலம். நின்ற நிலையில் வாசிக்க விரும்புவோருக்காக அடியிலே நீட்டி மடக்கக்கூடிய உலோகக் காலொன்றும் அதற்கிருந்தது. பழைய மரபைக் கைவிட மனமில்லாத நிறுவனத்தின் தயக்கத்தை அக்கால் நன்கு காட்டுகிறது. அதன் முறுக்காணிகளோ டபிள் பேஸ் வழி வந்தவையல்ல; பான்ஜோ வழி வந்தவை. கிப்சன் நெடுங்காலமாகச் சிறந்த பான்ஜோக்களைச் செய்துவந்த நிறுவனம் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. பான்ஜோ ஆணியின் பிடி பக்கவாட்டில் நீளாது. தலையின் பின்புறமாக நேரே நிற்கும். உள்ளே, நடுச்சில்லைச் சிறு சில்லுகள் சூழ்ந்து சுழலும் கோளமைப்பு உண்டு. முன்புறத்திலிருந்து நோக்கினால் ஆணிகளே இல்லாதது போலத் தலை தூய்மையாகத் தோன்றும். அழகில் இதற்கு இணையில்லை. ஆனால் இத்தகைய பான்ஜோ ஆணியில் பிடியை நான்கு முறை திருப்பினாலே தண்டு ஒரு சுற்று முடித்துவிடும்; ஒரு சுற்றுக்கு 90 பாகை. மெல்லிய பான்ஜோக் கம்பிக்கு ஏற்ற அவ்விகிதம் தடித்த பேஸ் நரம்புக்கு முரட்டுத்தனமானது. சற்றே திருப்பினாலும் சுருதி தாண்டிவிடும். 1960களின் தொடக்கத்தில் கிப்சனும் பக்கவாட்டுப் பிடி கொண்ட புரித்தண்டு ஆணிகளுக்கு மாறிற்று.

இவ்விரு நிறுவனங்களும் அமெரிக்கச் சந்தையில் கடும் போட்டியாளர். ஒன்று தேர்ந்தது டபிள் பேசின் பொறியை. மற்றையது தேர்ந்தது பான்ஜோவின் பொறியை. ஆனால் இரண்டும் தமது ஆணிகளை வாங்கியது ஒரே இடத்தில்: சிக்காகோவின் குளூசன் நிறுவனத்தில். ‘பெண்டர் மரபு’, ‘கிப்சன் மரபு’ என இரண்டு ஆறுகளாகப் பிரித்தெழுதும் நூலாசிரியர்கள், இரண்டிலும் ஒரே ஊற்றின் நீரும் கலந்தோடியது என்பதைக் கவனிக்கத் தவறிவிடுகின்றனர். ஐக்கிய அமெரிக்காவிலே நெடுங்காலமாக மின்னிசைப் பேஸ் என்றாலே ‘பெண்டர் பேஸ்’ எனக் குறிப்பது வழக்கமாயிருந்தது. இசைத்தட்டு உறைகளிலும் அவ்வாறே அச்சிட்டனர். ஒரு நிறுவனத்தின் பெயர் ஒரு கருவியினத்தின் பெயராகவே ஆயிற்று. பற்சில்லு வெட்டிய சிக்காகோத் தொழிலாளரின் பெயரை எந்த உறையிலும் காணோம்.

ஐரோப்பாவின் நிலை வேறு. மேற்கு ஜேர்மனியின் ஹொவ்னர் நிறுவனம் 1956 இல் வயலின் வடிவப் பேஸ் ஒன்றை வெளியிட்டது. உள்ளே வெறுமையான, பாரமற்ற கருவி அது. அதன் தொடக்ககால ஆணிகள் தனித்தனியே பிணைக்கப்பட்டவையல்ல; பக்கத்துக்கு ஒன்றாக நீண்ட உலோகத் தகட்டிலே இரண்டிரண்டாகப் பொருத்தப்பட்டவை. பழைய கிற்றார்களில் ஒரு பக்கத்து மூன்று ஆணிகளை ஒரு தகட்டில் அமைக்கும் முறை உண்டல்லவா, அதன் இனம் இது. போல் மக்காட்னி 1961 இல் ஹம்பேர்க் நகரில் வாங்கிய கருவி இவ்வகையினது. அதன் பின்கதையைக் கட்டுரையின் இறுதியில் பார்ப்போம்.

1965 ஜனவரியில் பெண்டர் நிறுவனம் சீ.பி.எஸ். என்னும் பெரும் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடி 30 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. அடுத்த ஆண்டளவில் பேஸ்களின் தலையிலே மூவிலைப் பிடி மறைந்து, சிறிய நீள்வட்டப் பிடி தோன்றிற்று. சேகரிப்போர் இதனை ‘குச்சி மிட்டாய்’ ஆணி எனக் கேலியாக அழைப்பர். கைத்தொழிலின் பொற்காலம் முடிந்து பெருமுதலின் காலம் தொடங்கியதற்கு இதனையே அடையாளமாகக் காட்டுவோரும் உளர். எனக்கு அது அவசர முடிபாகத் தோன்றுகிறது. விற்பனைக்கு முன்னரும் பெண்டர் தனது உறுப்புகளை ஓயாது மாற்றியே வந்தது. 1957 இல் தலையின் உருவமும் ஒலிவாங்கிச் சுருளின் அமைப்பும் மாறின. 1960 இல் ‘ஜாஸ் பேஸ்’ என்னும் புதிய வகையும் வந்தது. உடைமை மாறியதற்குப் பின் நிகழ்ந்த யாவும் உடைமை மாறியதால் நிகழ்ந்தவை அல்ல. இது வரலாற்று மாணவர் முதலாம் ஆண்டிலேயே கற்கும் பாடம்.

எனினும் அம்மாற்றத்தால் விளைந்த நன்மை ஒன்றுண்டு. அது காலத்தை அறிய உதவுகிறது. பெண்டர் கருவிகளின் தொடரிலக்கங்கள் ஒழுங்காக ஏறிச் செல்பவையல்ல; இலக்கத் தகடுகள் பெட்டியிலிருந்து கைக்கு வந்தபடி பொருத்தப்பட்டன. எனவே காலத்தைக் கணிப்போர் வேறு சான்றுகளை நாடுவர். கழுத்தின் அடிமுனையில் தொழிலாளர் எழுதிய அல்லது முத்திரையிட்ட திகதி ஒன்று. ஒலிக்கட்டுப்பாட்டு உறுப்பின் முதுகிலே பொறித்த குறியீடு மற்றொன்று. அது 304 எனத் தொடங்கினால் செய்தது ஸ்ராக்போல் நிறுவனம், 137 எனில் சீ.ரி.எஸ்.; தொடரும் இலக்கங்கள் ஆண்டையும் வாரத்தையும் குறிக்கும். இவற்றோடு முறுக்காணியின் வடிவத்தையும் ஒப்புநோக்குவர். தொல்லியலாளர் மட்பாண்ட ஓட்டின் விளிம்பைக் கொண்டு மண்ணடுக்கின் காலத்தைக் கூறுவது போன்றதே இது. கழுத்திலே 1962 எனத் திகதியிருந்து தலையிலே நீள்வட்டப் பிடி இருக்குமாயின், இரண்டிலொன்று பின்னர் வந்தது. எது என்பதைத் தீர்மானிக்க, தகட்டைக் கழற்றி அடியிலுள்ள மரத்தைப் பார்க்கவேண்டும்.

மரம் பொய் சொல்லாது. 1970களில் பழைய பேஸ்களின் ஆணிகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் நிரப்பி மூடிய புதிய ஜேர்மன் ஆணிகளையும் பிறவற்றையும் பொருத்துவது பரவலான வழக்கமாயிற்று. திறந்த பல்லிலே தூசி படியும். நாளடைவில் தேய்ந்து ஆடும். மேடையிலே தொழில் செய்பவனுக்கு நரம்பு சுருதியில் நிற்பதே வேண்டும். பழமை சோறு போடாது. அவனைக் குறைகூற இயலாது. ஆனால் புதிய தகட்டின் திருகாணிகள் பழைய இடத்தில் வருவதில்லை. பழைய துளைகள் வாய் திறந்து நிற்கும். அல்லது குச்சி செருகி அடைக்கப்பட்டிருக்கும். தண்டு செல்லும் துளையைக் குடைந்து அகலமாக்குவதும் உண்டு. அதன்பின் பழைய ஆணி தேடிக் கிடைத்தாலும் பொருந்தாது. பழைய தகடு மூடியிருந்த பகுதியில் மெருகு வெளிறாமல் நிழல்போல எஞ்சும். எமது விடுதியிலே மாணவர் கைமாறி வந்த யப்பானியப் பேஸ் ஒன்றைக் கழற்றிப் பார்த்தபோது, ஓர் ஆணியின் கீழ் மூன்று தலைமுறைத் துளைகளை எண்ணினேன். யார் யாரோ செய்த மூன்று அவசரத் திருத்தங்கள் அவை.

கோயிற் திருப்பணியின் பெயரால் பழைய கற்கள் புரட்டப்பட்டுக் கல்வெட்டுகள் சிதைந்ததை நாம் அறிவோம். திருப்பணி செய்தோர் பகைவரல்லர், பக்தரே. இங்கும் அதுவே நிகழ்ந்தது.

ஆணி மாறினால் ஒலி மாறுமா என்ற வினா எழலாம். பேஸ் கிற்றாரின் கழுத்து வெறுங்கட்டையன்று. அதுவும் நரம்போடு சேர்ந்து அதிரும். சில சுரங்களிலே நரம்பின் மீடிறனும் கழுத்தின் மீடிறனும் நெருங்கும்போது நரம்பின் சக்தியைக் கழுத்து உறிஞ்சிவிடுகிறது. சுரம் விரைவில் மடிகிறது. பெண்டர் வகைப் பேஸ்களின் மெல்லிய நரம்பிலே ஐந்தாம் தட்டுக்கும் ஏழாம் தட்டுக்கும் இடையில் இத்தகைய ‘செத்த இடம்’ ஒன்று இருப்பதை வாசிப்போர் பலரும் அறிவர். கழுத்தின் நுனியிலுள்ள பாரத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ அவ்விடம் நகரும். எனவே ஆணியின் பாரமும் கருவியின் குரலில் ஒரு கூறு. இதனை மிகைப்படுத்தி, குளூசன் ஆணியிலேதான் பழைய பேசின் உயிர் இருக்கிறது என்று விலை பேசும் வியாபாரிகளை நம்பவேண்டியதில்லை. நரம்பும் விரலும் செய்யும் வேறுபாட்டின் முன் அது சிறிது.

தலையின் பாரத்தை ஒரு குறையாகக் கண்டு அதனைக் களைய முயன்றோர் வரலாறு தனியே எழுதத்தக்கது. லியோ பெண்டரே தமது பிற்கால முயற்சியான மியூசிக் மான் ‘ஸ்ரிங்றே’ பேஸில் (1976) நான்கு ஆணிகளையும் ஒரு வரிசையில் வைக்கவில்லை. மூன்றை மேலும் ஒன்றைக் கீழுமாகப் பிரித்துத் தலையைக் குறுக்கினார். 1980 ஆம் ஆண்டளவில் நெட் ஸ்ரைன்பேகர் இன்னும் ஒரு படி சென்றார். அவர் தலையையே வெட்டி எறிந்து, முறுக்கும் பொறியை உடலின் அடிமுனைக்குக் கொண்டுபோனார். பாக்மன் காலந்தொட்டு உச்சியில் இருந்த பொறி காலடிக்கு இறங்கிற்று. ஆனாலும் வாங்குவோரில் மிகப் பலர் இன்றும் தலையுள்ள கருவியையே விரும்புகின்றனர்.

இதற்கிடையில் பழைய கருவிகளின் மதிப்பு ஏறத்தொடங்கியது. குளூசன் நிறுவனம் 1981 அளவில் கதவடைத்தது. அதற்கு அடுத்த ஆண்டே, 1982 இல், பெண்டர் நிறுவனம் தனது 1957 ஆம், 1962 ஆம் ஆண்டுப் பேஸ்களின் மறுபதிப்புகளை வெளியிடத் தொடங்கியமை ஒரு முரண். உயிரோடிருந்தபோது எவரும் பெயர் கேளாத தொழிற்சாலையின் ஆணியை, அது மறைந்ததும் நகல் செய்ய வேண்டியதாயிற்று. 1994 இல் வேறொரு நிறுவனம் குளூசன் என்ற பெயரை வாங்கி மீண்டும் ஆணிகளை விற்கத் தொடங்கியது. நிக்கல் பூச்சை வேண்டுமென்றே மங்கவைத்து, பழையது போலத் தோன்றச் செய்த ஆணிகளும் இன்று கடைகளில் உண்டு. திருத்தத்தால் அழிந்த சான்றை இந்நகல்கள் மீட்டுத் தருவதாகச் சிலர் கூறுவர். மாறாக, இவை எஞ்சிய சான்றையும் ஐயத்துக்குள்ளாக்குகின்றன. துளை நிறைந்த தலையைப் பார்த்தவுடன் அது மாற்றப்பட்டதென அறியலாம். துளைகளை நுட்பமாக அடைத்து, மங்கவைத்த புதிய ஆணியைப் பொருத்திய தலையை என்னென்பது? திருத்தியவன் தன் கைரேகையை விட்டுச் சென்றான். நகல் செய்பவன் அதனைத் துடைத்துவிடுகிறான்.

திருத்தத்தின் தழும்பே சான்றாக உதவக்கூடும் என்பதற்கு மக்காட்னியின் ஹொவ்னர் உதாரணமாகும். 1961 இல் வாங்கப்பட்ட அக்கருவி 1964 இல் புதுமெருகு பூசப்பட்டு, ஒலிவாங்கிகளின் பொருத்தமும் மாற்றப்பட்டது. சேகரிப்போரின் கடுங்கணக்கில் அது அன்றே ‘மூலநிலை’ இழந்துவிட்டது. 1972 ஒக்ரோபரில் இலண்டனில் வண்டியொன்றிலிருந்து அது திருடப்பட்டது. தன்னார்வலர் சிலரின் தேடலால் ஐம்பது ஆண்டுகளின் பின் வெளிப்பட்டு உரியவரிடம் சேர்ந்த செய்தி 2024 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. ஹொவ்னர் நிறுவனமும் அதுவே என உறுதிசெய்தது. 1964 இல் செய்த மாற்றங்கள் அதனை ஏனைய ஹொவ்னர்களிலிருந்து பிரித்துக் காட்டுவனவாயின. டெற்ரோயிற் நகரின் மோற்றவுன் இசைத்தட்டுகளில் எண்ணற்ற பாடல்களுக்குப் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. டபிள் பேஸிலே பயின்று பெண்டருக்கு வந்த அவரது 1962 ஆம் ஆண்டுப் பிறிசிஷன், 1983 ஓகஸ்ட் மாதம் அவர் இறப்பதற்குச் சற்று முன்னர் களவுபோனது. அவர் நரம்புகளைக்கூட எளிதில் மாற்றாதவர் என்பர்.

இறுதியாக அந்தத் தலைகீழ்த் திசை. மறுபதிப்புப் பேஸ்களுக்கென ஆணிகளை வடித்தபோது, புரியின் திசையையும் பழையபடியே அமைத்தனர். 1951 இல் சிக்காகோவிலிருந்து வந்த பொறி அப்படியிருந்தது என்ற காரணத்தால், இசைக்கு எவ்வித நன்மையும் செய்யாத ஒரு வழக்கம் இன்று வேண்டுமென்றே, அளந்து, விலைகூட்டிச் செய்யப்படுகிறது. சென்ற ஆண்டு நண்பர் ஒருவரின் வீட்டில் இவ்வகை மறுபதிப்பு ஒன்றைக் கையிலெடுத்தேன். தடித்த நரம்பு சற்றே தாழ்ந்திருந்தது. பழக்கப்படி பிடியைத் திருப்பினேன். நரம்பு இன்னும் தளர்ந்து தட்டிலே படபடத்தது. நண்பர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபுறம் திருப்பினேன். அரைச்சுற்று, ஒரு சுற்று, இன்னுமோர் அரைச்சுற்று, சுருதி சேர்ந்தது.